தூங்குமூஞ்சி மரத்த ஒரு பக்கமா வெட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கோடை மழையில சாஞ்ச மரங்களப் பத்தி நீங்க போட்ட செய்தியில, தூங்குமூஞ்சி மரம் வெளிநாட்டு மரம், பெங்களூருக்கு ஆகாது, எல்லாத்தையும் எடுத்துடணும்னு ஒருத்தர் சொல்லியிருந்தாரு, படிச்சதுல இருந்து மனசு கேக்கல அதான் எழுதுறேன்.

வெளிநாட்டு மரம்தான். மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவோட வடக்குப் பக்கமும் அதோட பூர்வீகம், வெனிசுவேலாவுல இருந்த ஒரு பெரிய மரத்த ஹம்போல்ட்னு ஒரு ஜெர்மன் இயற்கை ஆராய்ச்சியாளர் 1800-ல பாத்து அசந்துபோய் எழுதியிருக்காரு. ஆனா கப்பன் பார்க்குல வெயிலுக்கு எதுக்கடியில போய் நிக்கிறோம்? 25 மீட்டர் உயர மரத்துக்கு கிளை 30 மீட்டர் அகலம்கூட விரியும், உயரத்தவிட அகலம் ஜாஸ்தி, அப்ப அந்த வெயிட்டு நாலு பக்கமும் சமமா இருந்தாத்தான் மரம் நிக்கும். எங்க அல்சூர் தெருவுல கரண்ட் கம்பிக்காக ரோட்டுப் பக்கம் மட்டும் மொட்டையா வெட்டிட்டு போயிட்டாங்க, மிச்ச கிளை பூரா வீடுங்க மேல சாஞ்சு நிக்குது, நாளைக்கு காத்துல விழுந்தா மரத்தத்தான் திட்டுவாங்க.

அந்த இலையக் கொஞ்சம் கிட்டப்போய் பாருங்க. ஒவ்வொரு குட்டி இலைக்கும் அடியில சின்னதா ஒரு வீக்கம் இருக்கும், அதுல தண்ணி ஏறி இறங்குறதுலதான் இலை விரியறதும் மூடறதும், சாயங்காலம் ஆனா ஜோடி ஜோடியா மடிஞ்சிடும், மேகம் நல்லா கறுத்தாலும் மடியும். அப்படி மடியறதால மழை நேரா மண்ணுக்கு எறங்குது. புளி, பயறு எல்லாம் இருக்கிற குடும்பம்தான் இதுவும், வேர் முடிச்சுல இருக்கிற பாக்டீரியா காத்துல இருக்கிற நைட்ரஜன எடுத்து சத்தா மாத்திடும், அதனாலயும் பார்க்குல இதுக்கடியில புல்லு பச்சையா இருக்கும். நம்ம தெருவுல அடிமரத்த ஒட்டி சிமெண்ட் போட்டு டைல்ஸும் ஒட்டிட்டா எறங்குற மழை எங்க போகும், வேரு எப்படி மூச்சு விடும் சொல்லுங்க.

காய் விழுந்து கால்ல பிசுபிசுன்னு ஒட்டுதுன்னும் கம்ப்ளெய்ண்ட் வருது. அந்த கறுப்புக் காய்க்குள்ள இனிப்பா சதை இருக்கு, ஆடு மாடு விரும்பித் தின்னும், பெருக்கி ஒரு மூட்டையில கட்டி வச்சா மாடு வச்சிருக்கிறவங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க.

அடுத்த மழைக்கு முன்னாடி கிளை வெட்டுறவங்க ரெண்டு பக்கமும் பாத்து சமமா வெட்டணும், அடிமரத்தச் சுத்தி ஒரு ஆள் நீளத்துக்காவது சிமெண்ட்ட பேத்து மண்ண விடணும். இத உங்க பேப்பர்ல போட்டு சம்பந்தப்பட்டவங்க காதுல விழ வைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு