லென்ஸ்டர் வர்றாங்க, நீங்க வர்றீங்களா? கால்வே தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

கால்வேல இருக்கற நம்ம ஆளுங்க எல்லாருக்கும், ஆஸ்பத்திரில நைட் ட்யூட்டி பாக்கறவங்க, மெடிக்கல் டிவைஸ் கம்பெனில ஷிஃப்ட் பாக்கறவங்க, மாஸ்டர்ஸ் படிக்க வந்து பார்ட் டைம்ல டெலிவரி ஓட்டற தம்பிங்க, எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மாசக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் காலேஜ் ரோடு கிரவுண்டுல நம்ம ஊர் டீம் கானாக்ட்டுக்கும் டப்ளின் டீம் லென்ஸ்டருக்கும் ரக்பி மேட்ச். நேத்து குரூப்ல இத போட்டதும் மூணு ரிப்ளை வந்துச்சு. ஒரு அண்ணன் "ஹெல்மெட் மாட்டிட்டு முட்டிக்குவாங்களே அதுதானே"னு கேட்டார். ஒரு அக்கா "மழை பெய்யுமே"ன்னாங்க. மூணாவது ஆளு, பேரு சொல்லல, "யாரு ஜெயிப்பானு தெரிஞ்ச மேட்சுக்கு எதுக்குப்பா காசு"னு கேட்டு சிரிக்கற எமோஜி போட்டிருந்தார், அதுக்கு பதினோரு லைக் வேற. சரி பதில் சொல்லிடறேன். அது அமெரிக்கா ஆட்டம்ணா, இது வேற. மழை கண்டிப்பா பெய்யும்கா. மூணாவது கேள்விக்குத்தான் இந்த நீள லெட்டர்.

கேட்டவர் சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. அயர்லாந்துல ப்ரொஃபஷனல் ரக்பி டீம் மொத்தமே நாலுதான், டப்ளின்ல லென்ஸ்டர், லிமரிக் கார்க் பக்கம் மன்ஸ்டர், பெல்ஃபாஸ்ட்ல அல்ஸ்டர், நம்ம ஊர்ல கானாக்ட். நாலுக்கும் படியளக்கறது ஐஆர்எஃப்யூங்கற ஒரே ஐரிஷ் ரக்பி யூனியன். 2022 சென்சஸ் படி லென்ஸ்டர் மாகாணத்துல 28 லட்சம் பேருக்கு மேல இருக்காங்க, கானாக்ட்ல கால்வே, மேயோ, ஸ்லைகோ, ராஸ்காமன், லீட்ரிம் அஞ்சையும் சேத்தாலும் 6 லட்சம் தேறல. அதுலயும் இந்தப் பக்கம் பசங்க கைல மொதல்ல குடுக்கறது ஹர்லிங் மட்டை, இல்லன்னா கேலிக் ஃபுட்பால், ரெண்டும் அயர்லாந்தோட சொந்த ஆட்டம். கால்வேக்காரன் ஹர்லிங் பேசுவான், மேயோக்காரன் 1951க்கு அப்புறம் கேலிக் ஃபுட்பால்ல ஆல் அயர்லாந்து கப் வரவே இல்லயேனு புலம்புவான், இதெல்லாம் போக மிச்சம் மீதி இருந்தாத்தான் ரக்பிக்கு. டப்ளின்ல பிளாக்ராக் காலேஜ், செயின்ட் மைக்கேல்ஸ்னு ஃபீஸ் கட்டிப் படிக்கற ஸ்கூல்லயே கோச், ஜிம், சாப்பாட்டுக்கு சார்ட்னு பதினாறு வயசுலயே பையன செதுக்கி அனுப்பிடறாங்க, அயர்லாந்து நேஷனல் டீம எடுத்துப் பாத்தா பாதிக்கு மேல அவங்க ஆளுங்கதான். ஐரோப்பா கப் நாலு தடவ அடிச்சிருக்காங்க, 2009, 2011, 2012, 2018. 2025ல, இந்த நாலு டீமும் ஆடற யூஆர்சி லீக் ஃபைனல்ல சவுத் ஆஃப்ரிக்கா புல்ஸ் டீம 32-7னு வச்சு செஞ்சாங்க. அவங்கதான் சனிக்கிழமை நம்ம ஊருக்கு வர்றாங்க.

இப்ப 2003க்கு போவோம். நம்மள்ல யாரும் அப்ப இங்க இல்ல, பாதிப் பேர் அப்ப ஸ்கூல்கூட சேந்திருக்க மாட்டீங்க. யூனியன்ல காசு இறுக்கம், நாலு டீம் கட்டுப்படியாகல, ஒண்ண மூடலாம்னு பேச்சு வருது, எத மூடறதுனு யாரும் சீட்டுக் குலுக்கிப் பாக்கல, கானாக்ட்தான்னு நேரா வந்துட்டாங்க. அந்த ஜனவரில சுமார் 2000 பேர் டப்ளினுக்குக் கிளம்பிப் போய் லான்ஸ்டவுன் ரோட்ல இருந்த யூனியன் ஆபீஸ் வரைக்கும் ஊர்வலம் போனாங்க. யோசிச்சுப் பாருங்க, அன்னிக்கு கப்பு கிடையாது, ஸ்டார் ப்ளேயர் கிடையாது, கிரவுண்ட சுத்தி நாய் ரேஸ் ஓடற ட்ராக், அதத் தாண்டித்தான் ஜனம் நின்னு மேட்ச் பாக்கணும், அந்த டீமுக்காக வேலை வெட்டிய விட்டுட்டு ரோட்ல நடந்திருக்காங்க. டீம மூடல. அப்பவும் பட்ஜெட் என்னவோ மத்த மூணு பேர விட கம்மியாத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்.

அந்தக் காலத்துல டீமுக்குள்ள வந்த ஒரு ஆளு ஜான் மல்டூன், இதே கால்வே கவுண்டில போர்ட்டம்னாங்கற சின்ன ஊர்க்காரர். 300 மேட்சுக்கு மேல, எல்லாமே கானாக்ட்டுக்கு, பல வருஷம் கேப்டன். அவரப் பத்தி கீழ இன்னொரு தடவ வரும்.

2011ல தான் கானாக்ட்டுக்கு ஐரோப்பாவோட பெரிய கப்புல, அப்ப ஹைனக்கன் கப்புனு பேரு, ஆட மொதல் சான்ஸ் வந்துச்சு. எப்படி வந்துச்சுனு கேட்டா சிரிப்பீங்க. அந்த வருஷம் லென்ஸ்டர் ஐரோப்பா கப் ஜெயிச்சதால அயர்லாந்துக்கு ஒரு இடம் எக்ஸ்ட்ரா கெடச்சுது, அது கானாக்ட்டுக்கு வந்துச்சு, அதாவது நம்ம பங்காளி ஜெயிச்ச புண்ணியத்துல நமக்கு டிக்கெட். அந்த நவம்பர்ல காலேஜ் ரோடுக்கு வந்தது யாரு, பிரான்ஸ் டீம் துலூஸ், அதுவரைக்கும் நாலு தடவ ஐரோப்பா சாம்பியன். 36-10னு அடிச்சுட்டுப் போனாங்க. அந்த சமயத்துல நமக்குத் தோல்வி மேல தோல்வி, வேற டீமா இருந்தா ஜனம் வீட்டுக்குப் போயிருக்கும். ஜனவரில ஹார்லிக்வின்ஸ் வந்தாங்க, லண்டன் டீம், அந்த வருஷம் இங்கிலாந்து லீகையே ஜெயிச்சவங்க, அன்னிக்கு ஜெயிச்சா அவங்களுக்கு குவார்ட்டர் ஃபைனல். கானாக்ட் 9, ஹார்லிக்வின்ஸ் 8. அவங்க கப்ப விட்டே வெளிய போனாங்க. அடுத்து 2013 டிசம்பர்ல கானாக்ட் துலூஸ் ஊருக்கே போய் 16-14னு ஜெயிச்சுட்டு வந்தாங்க, அந்த ரிசல்ட்ட அன்னிக்கு பிரான்ஸ்ல யாரும் நம்பியிருக்க மாட்டாங்க.

அப்புறம் 2016. இந்த வருஷம் வேற மாதிரினு மார்ச்லயே கொஞ்சம் தெரிஞ்சு போச்சு, 26ஆம் தேதி சாயங்காலம் இதே கிரவுண்டுல லென்ஸ்டர 7-6னு ஜெயிச்சாங்க. அந்த ஸ்கோர கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க, ஆட்டமே புரிஞ்சுடும். கோட்டத் தாண்டி பந்த தரைல வச்சா ட்ரை, அதுக்கு 5. அப்புறம் போஸ்ட்டுக்கு நடுவுல உதைச்சா 2. பெனால்ட்டி உதைச்சா 3. நம்மாளுங்க ஒரே ஒரு ட்ரை, அதுக்கு மேல ஒரு உதை, 7. அவங்க ரெண்டு பெனால்ட்டி, 6. 80 நிமிஷத்துல அவ்வளவுதான் ஸ்கோர், ஆனா அந்த ஒரு பாயின்ட்ட காப்பாத்த ஆளுக்கு ஆளு விழுந்து விழுந்து புடிச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு மே 28, எடின்பர்க்ல லீக் ஃபைனல், எதிர்ல மறுபடியும் லென்ஸ்டர், 20-10. கானாக்ட் ரக்பி 1885ல ஆரம்பிச்சது, மொதல் பெரிய கப்பு 2016ல. மல்டூன்தான் கேப்டன். 2018ல அவரோட கடைசி மேட்சும் லென்ஸ்டர் கூடத்தான், காலேஜ் ரோட்லதான், 47-10, கடைசி ட்ரைக்கு அப்புறம் உதைக்கற வேலைய அவர் கைல குடுத்தாங்க. வாழ்க்கை முழுக்க ஸ்க்ரம்ல முட்டுன ஆளு, உதைக்கறது அவர் டிபார்ட்மென்டே இல்ல, உதைச்சாரு, போஸ்ட்டுக்கு நடுவுல போச்சு.

"அதெல்லாம் பழைய கதை தம்பி"னு இப்ப யாரோ டைப் பண்றது எனக்குத் தெரியுது. உண்மைதான், 2022ல ஐரோப்பா கப் நாக்அவுட்ல லென்ஸ்டர் இங்க வந்து 26-21னு ஜெயிச்சு, அடுத்த வாரம் டப்ளின்ல 56-20னு பிழிஞ்சு எடுத்தாங்க. ஆனா அதே ரெண்டு டீமு, அதே ஆளுங்க, ஒரே வாரம், இங்க அஞ்சு பாயின்ட் வித்தியாசம் அங்க முப்பத்தாறு. நான் எதுக்கு உங்கள இழுக்கறேன்னு இப்ப புரியுதா. இந்த கிரவுண்டு ஒரு ஆட்டக்காரன், அதுல ஜனமும் ஒரு பங்கு, காத்து ஒரு பங்கு.

காத்து பத்தி சொல்லியே ஆகணும். சால்ட்ஹில் பீச்ல நடக்கும்போது மூஞ்சில அறையுமே அதே அட்லான்டிக் காத்துதான், கிரவுண்ட்ல நீளவாக்குல அடிக்கும். ஒரு பாதி நமக்கு சாதகம், ஒரு பாதி எதிர். காத்து பின்னாடி இருக்கற டீம் பந்த ஒசர உதைச்சா அது பறந்துட்டே இருக்கும், எதிர் டீமோட ஃபுல் பேக், அதாவது எல்லாருக்கும் பின்னாடி நிக்கற ஆளு, கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு ரெண்டு அடி முன்னாடி வருவான், மறுபடி மூணு அடி பின்னாடி போவான், அந்த நேரத்துல ஓரத்துல ஓடற நம்ம விங்கர் வந்து சேந்துடுவான். காத்து எதிர்ல இருக்கும்போது உதைச்ச பந்து உதைச்சவன் தலைக்கு மேலயே நின்னுட்டு பக்கத்துல விழும், பாத்தா பாவமா இருக்கும். அதனால டாஸ் முடிஞ்சு யாரு எந்தப் பக்கம் ஆடறாங்கனு மொதல்ல பாருங்க. காத்து கூட இருக்கற பாதில நம்மாளுங்க பத்து பதினஞ்சு பாயின்ட் முன்னாடி இல்லன்னா அப்புறம் கஷ்டம்தான்.

ஸ்க்ரம் வரும்போது புது ஆளுங்களுக்கு ஒண்ணும் புரியாது, எட்டு பேர் எட்டு பேரோட தலைய கோத்துக்கிட்டு குனிஞ்சு நிப்பாங்க. தேர் நகராம நின்னுட்டா பின்னாடி கட்டை குடுத்து எல்லாருமா சேந்து ஒரே மூச்சுல நெம்புவாங்களே, அந்த மாதிரிதான், ஒருத்தன் முன்னாடி ஒருத்தன் பின்னாடினு தள்ளுனா தேரும் போகாது ஸ்க்ரம்மும் போகாது. பந்த கையால முன்னாடி எறியக் கூடாது, பக்கவாட்டுல இல்லன்னா பின்னாடிதான். இவ்வளவு தெரிஞ்சா போதும், மத்தத பக்கத்துல நிக்கற வயசான ஐரிஷ்காரர் நீங்க கேக்காமயே சொல்லிக் குடுப்பாரு, அவர நிறுத்தறதுதான் கஷ்டம்.

ஒண்ணே ஒண்ணு, இத மட்டும் தயவுசெஞ்சு. யாராவது பெனால்ட்டி உதைக்க நிக்கும்போது, அவன் லென்ஸ்டர் ஆளாவே இருந்தாலும், சத்தம் போடாதீங்க, விசில் அடிக்காதீங்க. சேப்பாக்கத்துல பழகுன வாயி, எனக்குத் தெரியும். இங்க அத்தன ஆயிரம் பேரும் கப்சிப்னு இருப்பாங்க, உதைச்சு முடிச்சதும் கத்திக்கலாம். எதிராளி உதைக்கும்போதும் வாய மூடிட்டு இருக்கற ஜனம், அந்த மரியாதை எனக்கு ரொம்பப் புடிக்கும், அதே சமயம் எதிராளிக்கு அந்த அமைதிதான் இன்னும் பயம்னு ஒரு சந்தேகமும் உண்டு.

சில பேர் டப்ளின்ல ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்து லென்ஸ்டரோட ப்ளூ ஜெர்ஸி மாட்டிட்டு சுத்தறீங்க. தப்பில்ல, சனிக்கிழமை அதப் போட்டுட்டே வாங்க, யாரும் அடிக்க மாட்டாங்க, கிண்டல் பண்ணுவாங்க. ஆனா ஒரு விஷயம் யோசிங்க. 2016 ஃபைனல்ல ட்ரை போட்ட நியி அடியோலக்குன் நைஜீரியால இபாடன்ல பொறந்தவர். பண்டி ஆக்கி நியூசிலாந்துல இருந்து 2014ல வந்தவர், இங்கயே தங்கி அயர்லாந்துக்கு ஆடி, பிரிட்டன் அயர்லாந்து ரெண்டுலயும் இருந்து பெஸ்ட் ஆளுங்கள சேத்து அனுப்பற லயன்ஸ் டீம் வரைக்கும் போனாரு. ஃபின்லே பீலம், மேக் ஹான்சன் ரெண்டு பேரும் ஆஸ்திரேலியால பொறந்தவங்க. கப்பு வாங்கிக் குடுத்த கோச் பேட் லாம், சமோவாவுக்கு ஆடினவர். எங்கெங்கயோ இருந்து வந்தவங்கள வச்சுத்தான் இந்த டீம் ஓடுது, ஓடி ஜெயிச்சா ஊரு அவங்கள நம்ம பையன்னு சொல்லிக்குது. ஆறு வருஷமா இங்க டாக்ஸ் கட்டிட்டு இன்னும் வெள்ளிக்கிழமை ராத்திரி ரூம்ல உக்காந்து சென்னை மேட்சோட பழைய ஹைலைட்ஸ் பாத்துட்டு இருக்கற நமக்கு இத விட சுலபமா இந்த ஊருக்குள்ள போற வாசல் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இன்னொரு சுவாரசியம், இப்ப கானாக்ட் கோச் ஸ்டூவர்ட் லங்காஸ்டர். 2015 உலகக் கோப்பைல இங்கிலாந்து சொந்த மண்ணுல மொதல் ரவுண்டுலயே வெளிய போனப்ப அவர்தான் கோச், ஊரே திட்டுச்சு. அதுக்கப்புறம் லென்ஸ்டர்ல ஏழு வருஷம் இருந்து அவங்க அட்டாக்கையே மாத்தி அமைச்சாரு, 2018 ஐரோப்பா கப்புல அவர் கையும் இருக்கு. அவங்க வண்டி எந்த கியர்ல எப்படி ஓடும்னு உள்ளுக்குள்ள தெரிஞ்ச ஆளு இப்ப நம்ம பெஞ்சுல. ஜெயிப்போம்னு நான் சொல்ல வரல, என் கணக்குல பத்துல மூணு தடவதான் வாய்ப்பு. ஏழு பாயின்ட்டுக்குள்ள தோத்தாகூட லீக்ல நமக்கு ஒரு போனஸ் பாயின்ட் உண்டு, சீசன் கடைசில நாக்அவுட்டுக்குப் போற டாப் எட்டுக்குள்ள வர்றதுக்கு அந்த ஒரு பாயின்ட் உசுரு மாதிரி. அதனால பத்து பாயின்ட் பின்னாடி இருக்கோம்னு எழுபதாவது நிமிஷம் பஸ் புடிக்க எந்திரிச்சுப் போயிடாதீங்க, அப்பதான் கத்தணும்.

சரி ஏற்பாடு. ஐர் ஸ்கொயர்ல இருந்து கிரவுண்டுக்கு நடந்தே போயிடலாம், பார்க்கிங் தேடி அலையாதீங்க. கொழந்தைங்க வச்சிருக்கறவங்க உக்கார்ற ஸ்டாண்ட்ல டிக்கெட் போடுங்க, மத்தவங்க டெரஸ்ல நிக்கலாம், விலையும் கம்மி, சத்தமும் அங்கதான். குடை வேண்டாம், காத்துல எப்படியும் திரும்பிக்கும், பின்னாடி நிக்கறவங்க வாய்ல விழுவீங்க. ரெயின் கோட், உள்ள ரெண்டு ஸ்வெட்டர், காலுக்கு நல்ல ஷூ. லென்ஸ்டர் மேட்ச்னா டிக்கெட் சீக்கிரம் காலியாகும், அதனால வியாழக்கிழமைக்குள்ள எத்தன பேர்னு குரூப்ல நம்பர் போடுங்க, மொத்தமா ஒரே பக்கத்துல வாங்கிடறேன், காசு அப்புறம் குடுத்தா போதும். "யாரு ஜெயிப்பானு தெரியும்"னு சொன்னவருக்கு மட்டும் அவர் டிக்கெட் என் செலவு, வரணும், கடைசி விசில் வரைக்கும் நிக்கணும், அதான் கண்டிஷன்.