செம்பு எவ்வளவு என்றுதான் கேட்டிருந்தார்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "பாப்பாவுக்குக் கணக்கு ஏறலக்கா, நம்ம வம்சத்துக்கே அது வராது போல." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாய். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. உனக்கு மட்டும் எழுத வேண்டிய கடிதம்தான் இது. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதே பேச்சைப் பேசுகிற அப்பா சேலத்தில் நீ ஒருவன் மட்டுமில்லை. அதனால் உன்னிடம் கேட்டுக்கொண்டே பொதுவில் போடுகிறேன். பேர், தெரு எதுவும் கிடையாது, பயப்படாதே.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்காகப் போன சனிக்கிழமை அவள் எழுதிய மாதிரித் தேர்வுத் தாளை வாங்கிப் பார்த்தேன். பாடங்களிலிருந்து கேட்கிற படிப்பறிவுப் பகுதியில் 90க்கு 31. அதில் கணக்கு 20 கேள்வி, சரியானது 6. நீ அந்த 6ஐ மட்டும் பார்த்துவிட்டு உடைந்துபோனாய். நான் தப்பாய்ப் போன 14 கேள்விகளை எடுத்துக்கொண்டு அவளோடு திண்ணையில் உட்கார்ந்தேன். எதையும் விளக்கவில்லை. "சத்தமாப் படி கண்ணு" என்றேன், அவ்வளவுதான். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டு இரண்டு முறை படித்தாள். 14ல் 8 கேள்விக்கு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு சரியான விடையைச் சொன்னாள். மிச்சம் 6 நிஜமாகவே தெரியாதவை. கணக்கு ஏறாத பிள்ளைக்கு இப்படி நடக்குமா, நீயே சொல்.

ஒரு கேள்வியை மட்டும் உனக்காகக் குறித்து வந்தேன். ஓர் உலோகக் கலவையில் 80 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. 350 கிராம் கலவையில் செம்பு எவ்வளவு? பாப்பா 280 என்று வட்டத்தைக் கறுப்பாக்கி வைத்திருந்தாள். 350ல் 80 விழுக்காடு 280தான். பெருக்கலும் வகுத்தலும் சுத்தம். ஆனால் அது வெள்ளி. கேட்டது செம்பு, 70 கிராம். கேள்வி எடுத்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவசரத்தில் பாதி வழியில் நின்றுவிடுகிற பிள்ளைக்கு என்ன விடை வரும் என்று தெரிந்தேதான் 280ஐயும் நாலு விடைகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். தன் விடை அங்கே இருப்பதைப் பார்த்ததும் பிள்ளை சரி என்று நம்பி அடுத்ததற்குப் போய்விடும்.

இதில் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது எங்கே தெரியுமா? இதே கணக்கைத் தினமும் போடுகிறவன் நீ. கொலுசுப் பட்டறையில் 80 டச் என்றால் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வியாபாரி எடை போட்டுக் கொடுக்கும் வெள்ளி, நீ திருப்பிக் கொடுக்கும் கொலுசின் எடை, நடுவில் போகிற சேதாரம், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, எல்லாமே விழுக்காடும் விகிதமும்தான். அவளுடைய எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இதற்கு வாழ்வியல் கணிதம் என்று பேர் வைத்து ஒரு பாடமே இருக்கிறது. உன் வீட்டில் அதற்குப் பேர் டச். இரண்டும் ஒன்று என்று இந்தப் பதிமூன்று வருஷத்தில் அவளிடம் யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன். முப்பது வருஷம் பாடம் எடுத்தேன். கரும்பலகையில் ஒரு வாக்கியக் கணக்கை எழுதுவேன், நானே படிப்பேன், "அப்போ இங்க கழிக்கணும், சரியா?" என்று நானே சொல்லியும் விடுவேன். பிள்ளைகள் கழிப்பார்கள், விடை வரும், எனக்கும் திருப்தி. கேள்வியைப் படித்தது நான், புரிந்துகொண்டது நான், அவர்கள் செய்தது வெறும் கழித்தல். தேர்வு அறையில் டீச்சர் வந்து படித்துக் காட்டுவாரா? இது எனக்கு உறைத்தபோது பணியில் நாலே வருஷம் பாக்கி.

ஏற்காட்டில் வேலை பார்த்தபோது பஸ்ஸில் உடன் வரும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. 15 தாண்டியாச்சு, எத்தனை பங்கு ஏறியிருக்கிறோம்? முக்கால் என்று கத்துவார்கள், நானும் தலையாட்டுவேன். ஒரு நாள் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிற அம்மாவின் மகன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "வளைவுல முக்கால் டீச்சர். ரோட்டுல எவ்வளவுன்னு தெரியாது." வளைவுக்கு வளைவு தூரம் ஒன்றா என்ன? வாயில் அடித்தாற்போல் இருந்தது எனக்கு. அவன் எல்லாரையும் விட வேகமாகக் கணக்குப் போடுகிறவன் இல்லை. கேள்வியை ஒழுங்காகக் கேட்டவன்.

பிள்ளைகளின் படிப்பு எப்படி இருக்கிறது என்று பிரதம் அமைப்பு கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கும் அசர் ஆய்வைப் பற்றிப் பேப்பரில் பார்த்திருப்பாய். 2023இல் 14 முதல் 18 வயது வரையான பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஸ்கேலில் பூஜ்ஜியத்தில் தொடங்கி ஒரு பொருளை வைத்து நீளம் கேட்டபோது நூற்றுக்கு 85 பேர் சரியாகச் சொன்னார்கள். அதையே கொஞ்சம் நகர்த்தி வைத்துக் கேட்டபோது சரியாகச் சொன்னவர்கள் 39 பேர்தான். நான் பாப்பாவிடம் செய்து பார்த்தேன். உன் பட்டறையில் கிடந்த சங்கிலித் துண்டை 3இல் தொடங்கி 14இல் முடியும்படி ஸ்கேல் மேல் வைத்தேன். யோசிக்காமல் 14 என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தை, நீங்க ஏமாத்திட்டீங்க" என்று முறைத்தாள். அதைவிட நல்ல விடை எனக்கு வேண்டியதில்லை.

சரி, நீ என்ன செய்ய வேண்டும்? பத்தாவதோடு நின்றவன் நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும் என்று கேட்பாய். சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். சாயங்காலம் நீ மெருகு போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் எதிரே உட்காரட்டும். நாளிதழில் ஏதாவது ஒரு செய்தி, இல்லாவிட்டால் பள்ளியில் கொடுக்கிற சிறுவர் இதழில் ஒரு பக்கம், வாய்விட்டுப் படிக்கட்டும். பத்து நிமிஷம் போதும். முடிந்ததும் நீ ஒரே ஒரு கேள்வி கேள். பதில் அந்தச் செய்தியிலேயே இருக்கிற கேள்வி ஒரு நாள், இல்லாத கேள்வி இன்னொரு நாள். "ஏன் அப்படிச் செஞ்சிருப்பாங்க?" என்கிற மாதிரி. அப்புறம் நாலு கணக்கு. பென்சிலைத் தொடும் முன் "என்ன கேக்கறாங்க?" என்று நீ கேட்க வேண்டும், அவள் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். கேள்வி உனக்கே புரியாவிட்டால் ரொம்ப நல்லது. புரியும் வரை அவள் உனக்கு விளக்கியாக வேண்டும், நான் வகுப்பில் செய்யத் தவறியது அதுதான்.

இன்னொன்று, தராசில் வைக்கும் முன் நீ கொலுசைக் கையில் ஏந்திப் பார்த்து இவ்வளவு இருக்கும் என்பாயே, அதை அவளுக்குப் பழக்கு. கணக்குப் போடும் முன் விடை சுமாராக எவ்வளவு வரும்? 350ல் செம்பு பாதிக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியிருந்தால் 280 பக்கமே கை போயிருக்காது.

கரண்டு பில்லையும் அவளிடமே கொடு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, முதல் 100 யூனிட் இலவசம். 340 யூனிட் ஓடியிருந்தால் எத்தனை யூனிட்டுக்குக் காசு என்று அவள் சொல்லட்டும். பட்டறைக்குத் தனி மீட்டர், அதில் இலவசம் கிடையாது என்பதையும் நீ சொன்னால் இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அட்டவணையும் வரைபடமும் தேர்வில் வரும்போது மிரள மாட்டாள்.

தேர்வின் இன்னொரு பகுதியான மனத்திறன் பகுதியைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. எண் வரிசை, எழுத்துக் குறியீடு, கண்ணாடிப் பிம்பம், திசை, உறவுமுறை என்று விளையாட்டு மாதிரிதான் இருக்கும். பழகப் பழக வரும். உறவுமுறையில் அவளுக்கு நம் தமிழே கைகொடுக்கும். "உன் அப்பாவோட அக்காவுக்கு ஒரே தம்பி, அந்தத் தம்பியோட ஒரே மகள் யாரு?" என்று கேட்டேன். விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ, நான்தான்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாண வீட்டில் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கிழவிகளிடம் கேட்டு வரச் சொல், போதும்.

நேரம்தான் பொல்லாதது. ஒரு பகுதிக்கு 90 கேள்வி, 90 நிமிஷம். நிமிஷத்துக்கு ஒன்று. தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விட்டுவிட்டு வரக்கூடாது. ஆனால் ஒரு கேள்வியிலேயே ஐந்து நிமிஷம் உட்காரவும் கூடாது. தாண்டிப் போகும்போது விடைத்தாளிலும் அந்த வரிசையைத் தாண்ட வேண்டும். பாப்பா மாதிரித் தேர்வில் 41ஐ விட்டுவிட்டு, 42இன் விடையை 41இன் வட்டத்தில் போட்டிருக்கிறாள். அங்கிருந்து 47 வரை எல்லாமே ஒரு படி மேலே ஏறிவிட்டது. பத்து கேள்விக்கு ஒருமுறை விரலை வைத்து எண்ணைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீயும் நினைவுபடுத்து, ஆனால் தினமும் வேண்டாம், எரிச்சலாகிவிடுவாள்.

அந்தப் பயிற்சி மையத்துக்கு ஏன் இன்னும் காசு கட்டுகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. பழைய கேள்விக்கு விடை இரண்டா மூன்றா என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். கேள்வியையே படிக்காமல் விடையைச் சொல்லப் பழகிய பிள்ளையிடம்தான் நாம் இப்போது 'படி, படி' என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். பள்ளியில் அந்தக் கணக்கு டீச்சர் சாயங்காலம் காசு வாங்காமல் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறாரே, அவரிடம் அனுப்பு. அவர் பிள்ளைகளைத் திட்டுவார் என்கிறாய். நானும் திட்டியிருக்கிறேன், என் பிள்ளைகள் இன்னும் என்னைப் பார்த்தால் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பேசுகிறார்கள்.

காசு விஷயமும் பேசிவிடலாம். இந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. தகுதிக்கு 40 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32. ஆனால் அது வாசலைத் தொடுவது மாதிரிதான். தமிழ்நாட்டுக்கு மொத்தமே 6,695 பேர், அதனால் தரவரிசையில் மேலே இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு அவளைத் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா என்று நீ போன மாதம் கேட்டாய். சேர்த்தால் இந்த உதவித்தொகை கிடையாது. அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ தொடர்ந்து படித்தால்தான் வரும். பெண் பிள்ளை, ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு. முடிவு உன்னுடையது, உன் வீட்டுக்காரியையும் கேட்டுச் செய்.

கிடைக்காவிட்டால்? கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடு, முடிவு வந்த பிறகு சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும். கூடவே அந்த வம்சப் பேச்சை அவள் காதில் இன்னொரு தரம் விழ விடாதே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். வரும் வழியில் தட்டுவடை செட் வாங்கி வருவேன், பாப்பாவுக்குக் காரம் தூக்கலாக. தெரியாத அந்த 6 கணக்கையும் அவள் அழிக்காமல் வைத்திருக்கட்டும். நாலு என் பொறுப்பு. கலவைக் கணக்கு ஒன்று, சேதாரம் மாதிரியே இருக்கிற நஷ்டக் கணக்கு ஒன்று, அவை இரண்டையும் நீதான் அவளுக்குச் சொல்லப் போகிறாய். தராசை எடுத்து வை.

இப்படிக்கு,
உன் அக்கா