கயலுக்கும் சேர்த்து ஒரு கடிதம்

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலிக்கிறது என்று சொன்னாலும் பிசியோதெரபியை நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் நலம். இவர் ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் நடை, மாலையில் நூலகம் என்று இருக்கிறார். மாடியில் இந்த வருடம் அவரைக் கொடி நன்றாகக் காய்த்தது.

கயல் விஸ்காமில், அதாவது காட்சித் தொடர்பியல் படிப்பில், சேர்ந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! மிட் ஷாட், பி.ஓ.வி., டயஜெடிக் சவுண்ட் என்று சினிமாச் சொற்களை வீடு முழுக்க முணுமுணுத்துக்கொண்டே தேர்வுக்குப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். "நாம் டென்ட் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து அழுதோமே, அப்போது இந்தப் பெயரெல்லாம் நமக்குத் தெரியுமா?" என்றும் கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். அழுவதற்கு ஒரு பெயரும் வேண்டாம். ஆனால் எந்த இடத்தில் அழுகை வந்தது, அதற்கு முன்னால் திரையில் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால் இந்தப் பெயர்கள் வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன், கயலிடமும் படித்துக் காட்டு.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1949இல் எடுத்த 'லேட் ஸ்பிரிங்' படத்தை எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் போட்டார்கள். மனைவியை இழந்த பேராசிரியர், அவரை விட்டுப் போக மனமில்லாத மகள் நொரிகோ. மகளுக்குக் கல்யாணம் நடக்கவேண்டும் என்பதற்காக, தானே மறுமணம் செய்துகொள்ளப் போவதாக அவளை நம்பவைக்கிறார் அப்பா. அப்பாவாக சிஷூ ரியூ, மகளாக செட்சுகோ ஹாரா. கல்யாணத்துக்கு முன் இருவரும் கடைசியாகச் சேர்ந்து கியோட்டோ போகிறார்கள். இரவு, விடுதி அறை. பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் படுத்தபடி மகள் பேசிக்கொண்டிருக்கிறாள். பதில் இல்லை, அப்பா தூங்கிவிட்டார். அவள் மேலே பார்த்தபடி லேசாகச் சிரிக்கிறாள். கட். அரையிருட்டில் ஒரு பூச்சாடி, அதன் பின்னால் காகிதச் சன்னலில் இலைகளின் நிழல். கட். மறுபடி அவள் முகம், இப்போது கண் கலங்கும் நிலையில். கட். மறுபடி அதே பூச்சாடி. அவ்வளவுதான்.

முதல் தடவை பார்த்தபோது, அவள் அந்தச் சாடியைப் பார்க்கிறாள், எதையோ நினைத்துக்கொள்கிறாள், கண் கலங்குகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. சங்கத்தில் வந்திருந்த பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கேதான் கயலின் பாடம் வருகிறது. பார்க்கும் ஆளை ஒரு ஷாட்டில் காட்டி, அவர் இருக்கும் இடத்திலிருந்து அவர் பார்க்கும் திசையில் தெரிவதை அடுத்த ஷாட்டில் காட்டினால் அது பி.ஓ.வி., பாயின்ட் ஆஃப் வியூ. நொரிகோ பார்ப்பது மேலே, கூரையை. சாடி இருப்பது கீழே, வேறு பக்கம். ஆக, கண்டிப்பாக அது அவள் பார்வை இல்லை. அப்படியானால் யார் பார்ப்பது? நாம்தான், நாம் மட்டும்தான். பி.ஓ.வி. என்றால் என்ன என்று தெரியாதவருக்கு இந்தக் கேள்வியே எழாது ஜெயா. அந்தப் பெயர்களால் எனக்குக் கிடைத்தது இதுதான்.

இன்னொன்றும் கவனி. அப்பாவின் குறட்டை சாடியின் மேலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கதைக்குள் இருப்பவர்கள் காதில் விழக்கூடிய ஒலி என்பதால் அது டயஜெடிக் சவுண்ட். வயலின் மாதிரி நமக்காக மட்டும் சேர்க்கும் இசை அப்படி இல்லை. குறட்டை அறுபடாததால் நேரமும் அறுபடவில்லை என்று தெரிகிறது. அதாவது, நாம் சாடியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில வினாடிகளில்தான், நம் கண்ணுக்கு மறைவாக, அவள் முகம் மாறியிருக்கிறது.

ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் செய்த சோதனையைக் கயல் படித்திருப்பாள். மொஸ்ஜுகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அவர் முகத்தில் பசியும் துக்கமும் ஆசையும் தெரிந்ததாகச் சொன்னார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. முகம் மாறவில்லை, பக்கத்துப் படம் மாறியது. ஓசு செய்திருப்பது இதற்கு நேர் தலைகீழ் என்பது என் எண்ணம். பக்கத்துப் படம் அப்படியே இருக்கிறது, முகம் மாறிவிட்டது. க்ளோசப்பிலேயே கேமராவை வைத்திருந்தால் கண்ணீர் எப்படி வருகிறது என்று நடிகையின் திறமையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். கட் செய்து நம்மை வேறு பக்கம் திருப்பிவிட்டு, அந்தப் பெண் தனியாகக் கலங்குவதற்கு இடம் விடுகிறார். ஒரு 'கட்'டில் இவ்வளவு மரியாதை இருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

இந்தச் சாடியைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் 'டாக்ஸி டிரைவர்' திரைக்கதையை எழுதிய பால் ஷ்ரேடர் 1972இல் வெளிவந்த தன் புத்தகத்தில், முரணான உணர்ச்சிகளைத் தாங்கிக்கொள்ளும் நிச்சலனம் என்று இதை விளக்கினார். பிரெஞ்சுத் தத்துவவாதி ஜில் தெலூஸ், காலமே நேரடியாகத் தெரியும் படிமம் என்றார். திரைப்பட ஆய்வாளர் கிறிஸ்டின் தாம்சன் அந்த இடத்தில் சாடிதான் வேண்டும் என்பதில்லை, வேறு பொருளும் இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். நான் கொஞ்சம் தாம்சன் பக்கம்தான் சாய்வேன். சாடிக்கு ஏதோ மறைபொருள் தேடுவதைவிட, அது எங்கே, எத்தனை நேரம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஓசுவைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது, ஆனாலும் கயலுக்கு உதவும் என்பதால் இன்னொன்று. பாடத்தில் 180 டிகிரி விதி வரும், நம்மூர் ஷூட்டிங்கில் இமேஜினரி லைன் என்பார்கள். இருவர் பேசும்போது அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதற்கு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். டிவியில் கால்பந்து காட்டும்போது முக்கியக் கேமராக்களை மைதானத்தின் ஒரே பக்கத்தில் வைக்கிறார்களே, அதே காரணம்தான். கேமரா எதிர்ப்பக்கம் தாவினால் இடப்பக்கம் ஓடிய ஆட்டக்காரர் திடீரென்று வலப்பக்கம் ஓடுவது போலத் தெரிந்து, எந்தக் கோல் யாருடையது என்று குழம்பிவிடுவோம். ஹாலிவுட் முழுக்க இந்த விதியைப் பிடித்துக்கொண்டு எடுத்த காலத்தில், ஓசு கோட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டினார். அவர் படங்களில் பேசிக்கொள்ளும் இருவரும் பெரும்பாலும் ஒரே திசையைப் பார்ப்பது போலவே இருக்கும். முதலில் ஒரு நெருடல் வரும், பிறகு பழகிவிடும். கேமரா கீழே, தரைக்குப் பக்கத்தில் இருக்கும், அனேகமாக அசையாது. லென்ஸ் எப்போதும் 50 மி.மீ.தான் என்று சொல்லலாம். விதியைப் படித்தவர்களுக்குத்தான் அவர் என்ன துணிந்திருக்கிறார் என்பது தெரியும்.

மிஸான்ஸேன், மான்டாஜ் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. சட்டகத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பது முதலாவது, ஷாட்களை எப்படி அடுத்தடுத்து வைப்பது என்பது இரண்டாவது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம், ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் ஷாட் புத்தகத்தில் ஓவர் தி ஷோல்டர் என்று இருக்கும், அதை ஷூட்டிங்கில் சஜஷன் என்பார்கள், பின்னணி இசையை ஆர்.ஆர். என்பார்கள். அங்கே போய் நிற்கும்போது அவள் திகைக்க வேண்டாம்.

மனப்பாடத்தை விட்டுவிடச் சொல். பிடித்த படத்தில் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும். இன்னொரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். பிறகு ஒவ்வொரு 'கட்'டையும் எண்ணி, இங்கே ஏன் வெட்டினார்கள் என்று நோட்டில் ஒரு வரி எழுதட்டும். அந்த நோட்டை எனக்கு அனுப்பினால் ஆசையாகப் படிப்பேன், பதிலும் எழுதுவேன்.

தேர்வு முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே ஒரு வாரம் வந்துவிடு. 'லேட் ஸ்பிரிங்' என்னிடம் இருக்கிறது, மூன்று பேரும் சேர்ந்து பார்க்கலாம். சாடியைப் பற்றி நான் எழுதியதைக் கயல் ஏற்றுக்கொள்ளாவிட்டால் இன்னும் நல்லது, விடிய விடிய பேசலாம். எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுகிறாய் என்று உடனே எழுது.

அன்புடன்,
கோமதி