பொது மருத்துவர்களுக்கு ஒரு தைராய்டு நோயாளியின் மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை போடுகிறவள் நான். உடம்பு எடை கூடுகிறது, எந்நேரமும் அசதி என்று யாராவது சொன்னால் நீங்கள் உடனே தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை எழுதிவிடுகிறீர்கள். அதில் குறையே இல்லை. இந்த இரண்டையும் சொல்லாமல், வேறொரு தொந்தரவோடு வந்து உட்காருகிறவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கை மரத்துப்போனது. இரவில் விரல்கள் மரத்துத் தூக்கம் கலையும். மணிக்கட்டுக்குப் பட்டை கொடுத்தார்கள். அறுவை சிகிச்சை வரைக்கும் பேச்சு போனது. தைராய்டு நெடுநாள் குறைந்திருந்தால், நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் ஒருவகைப் பொருள் திசுக்களில் சேரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மணிக்கட்டில் சேர்ந்து நரம்பை நெருக்கினால் விரல் மரக்கும். இமையைச் சுற்றிச் சேர்ந்தால் முகம் உப்பும். நாக்குத் தடிக்கும், குரல் கரகரக்கும். கால் வீங்கியிருக்கும், ஆனால் விரலால் அழுத்தினால் குழி விழாது. காரணம் ஒன்றுதான், நோயாளிதான் ஆளுக்கொரு சிறப்பு மருத்துவரைத் தேடி அலைகிறார்.

1873-இல் வில்லியம் கல் என்ற ஆங்கில மருத்துவர் இந்த நோயை விவரித்தபோது ஹார்மோனை அளக்க வழியே கிடையாது. முகத்தையும் நாக்கையும் பார்த்து, குரலைக் கேட்டு எழுதினார்.

குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பாதம் அசைவதைப் பார்த்ததோடு நிறுத்தாமல், அது பழைய நிலைக்கு மெல்லத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். தைராய்டு குறைந்திருந்தால் தசை தளர்வதில்தான் தாமதம் தெரியும். ஒரு காலத்தில் இந்தத் தாமதத்தை அளக்கவே கருவி வைத்திருந்தார்கள். இப்போது அந்தச் சுத்தியல் மேசை இழுப்பறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம்.

உள்ளங்கை மஞ்சளாக இருந்து கண் வெள்ளையாகவே இருந்தால் அது காமாலை அல்ல. தைராய்டு குறைந்து, உணவில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறப் பொருளை வைட்டமின் ஏ-யாக மாற்றும் வேலை மந்தமானதாலும் அப்படி ஆகும். இரத்த அழுத்தத்தில் கீழ் எண் மட்டும் ஏறி, நாடி மெதுவாக ஓடினால் அப்போதும் தைராய்டை யோசியுங்கள். புருவத்தின் வெளி ஓரம் உதிர்வதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, வயதானாலே பலருக்கு உதிர்கிறது. சரி, மற்ற அறிகுறிகளுக்கும் தைராய்டைத் தவிர வேறு காரணங்கள் இருக்கலாம். அதனால்தான் பரிசோதனை கேட்கிறேன், மாத்திரை கேட்கவில்லை.

கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று ஸ்டேடின் எழுதுவதற்கு முன் ஒரு டிஎஸ்ஹெச் பாருங்கள். தைராய்டு குறைவே கொலஸ்ட்ராலை ஏற்றும். அதைக் கவனிக்காமல் ஸ்டேடின் கொடுத்தால் தசை பாதிக்கப்படும் ஆபத்தும் கூடுகிறது. மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கும்போதும், மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்வதற்கு முன்பும் அதையே செய்யுங்கள்.

அப்புறம், அறிகுறிகள் வலுவாக இருந்தும் டிஎஸ்ஹெச் சரியாக இருக்கிறது என்று வந்தால், தைராய்டே சுரக்கும் ஹார்மோனை அளக்கும் ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பாருங்கள். கோளாறு டிஎஸ்ஹெச்சைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்தால் டிஎஸ்ஹெச் மட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி