கதிர்காமப் பாத யாத்திரிகர்களுக்கு வெருகலில் வசதிகள் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
வெருகல்.

ஐயா,

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேல் எடுத்துப் புறப்படும் சாமிமார் முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர் கடந்து எங்கள் ஊருக்கு வருவது தாங்கள் அறிந்ததே. முன்பு வெருகலாற்றைக் கடக்கப் படகுப்பாதைக்குக் காத்திருந்தார்கள். இப்போது பாலம் இருக்கிறது. ஆனாலும் சித்திர வேலாயுத சுவாமியைக் கும்பிட்டு, இங்கே தங்கித்தான் கதிரவெளிப் பக்கம் நடக்கிறார்கள்.

சாப்பாடு பிரச்சினை இல்லை, அதை ஊர் பார்த்துக்கொள்ளும். எங்களால் முடியாதது தண்ணீரும் மலசலகூடமும்தான். அவர்கள் வருவது வறண்ட கச்சான் காற்று அடிக்கும் காலம்; கிணற்றில் வாளி விட்டால் பாதி சேறு. வயதான அம்மாமார் பொழுது படும்வரை அடக்கிக்கொண்டிருந்து, டோர்ச் வெளிச்சத்தில் பற்றைக்குப் போகிறார்கள். கால் கொப்புளத்துக்குத் துணி சுற்றியவர்கள் வழுக்கும் கரையில் இறங்கிக் குளிக்கிறார்கள். முதலைப் பயத்தால் எங்கள் பொடியன்கள் தடியோடு காவல் நிற்கிறார்கள்.

உகந்தையில் கதிர்காமத்துக்கான காட்டுப்பாதை திறக்கும் திகதியைக் கணக்கிட்டே இவர்கள் நடக்கிறார்கள். இங்கே வயிற்றோட்டத்தில் படுத்துவிட்டால், யால காட்டைக் கூட்டத்தோடு கடக்கும் வாய்ப்பே போய்விடும்.

ஆகவே, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக நிரந்தர மலசலகூடங்கள் கட்டித் தரும்படி கேட்கிறோம். மாரியில் மகாவலித் தண்ணீர் வெருகலாற்றில் பெருகி வரும். தாழ்ந்த இடத்தில் குழி வெட்டினால் ஒரு வெள்ளத்தோடு சரி. மேட்டு நிலத்தில் கட்ட வேண்டும். குளிக்கும் துறைக்குப் படிக்கட்டும் தண்ணீருக்குள் கம்பி வேலியும் வேண்டும். யாத்திரை நாட்களில் பவுசரில் குடிநீர் கிடைக்கவும் பிரதேச சபையுடன் பேசி ஒழுங்கு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் நிதி இல்லையென்றால் பெண்களுக்கான மலசலகூடத்தை முதலில் கட்டுங்கள். கோயில் திருவிழாவுக்கு வருபவர்களுக்கும் அது உதவும்.

ஆறு தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம்தானே, அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட வேண்டாம். இரவு தங்குவது இக்கரையில்.

அடுத்த யாத்திரைக்கு முன் கிராம உத்தியோகத்தருடன் நேரில் வந்து இடத்தைப் பார்வையிடும்படி வேண்டுகிறோம். சிரமதானத்துக்கு ஆட்களை நாங்கள் தருகிறோம். கையொப்பங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
வெருகல் ஊர்மக்கள்