கல்லில் கிடக்கிற மட்டிக்கு ஓடு எங்கே?

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. சுவிஸில் உங்கள் பெர்ன் நகரத்துக் கல்தொட்டியில் பேரன் ஏறி நிற்கிறதைப் பார்த்துவிட்டு இவள், "அப்பப்பாவை உரிச்சு வச்சிருக்கு" என்றாள். எனக்குப் பார்வை போனது அவன் காலடிக் கல்லில்தான். மன்னித்துக்கொள், வயது போனாலும் குணம் போகவில்லை.

மட்டியின் உருவம் வரி வரியாகத் தெரிகிறது, ஆனால் ஓடு இல்லை, வெறும் பள்ளம். யார் கழற்றிக்கொண்டு போனது என்று பேரன் கேட்டானாம். கழற்றியது மழைத்தண்ணீர். மட்டி, ஊரி இவற்றின் ஓடு பெரும்பாலும் அரகோனைட் என்கிற வகைச் சுண்ணாம்பு. மணற்கல் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் நீர் பொசியும். லேசான புளிப்புள்ள அந்த நீர் காலம் காலமாக ஊறி இறங்க, ஓடு கரைந்துவிடும். அதற்குள் சுற்றியிருந்த மணல் இறுகிவிட்டதால் ஓடு இருந்த இடம் மட்டும் மிஞ்சும். விக்கிரகம் வார்ப்பவர்கள் மெழுகை உருக்கி வடித்த பிறகு மண்ணுக்குள் உருவம் வெறுமையாக நிற்குமே, அதே கதைதான். இங்கே வெண்கலம் ஊற்ற ஆளில்லை, அவ்வளவுதான். பாறையில் ஒட்டி வளர்கிற சிப்பிக்கு ஓடு கல்சைட் என்கிற இன்னொரு வகைச் சுண்ணாம்பு. அது அவ்வளவு லேசில் கரையாது. படத்தின் வலது மூலையில் வெள்ளையாக, ஏடு ஏடாகத் தெரிவது அதுவாக இருக்கலாம்.

பேரனிடம் கொஞ்சம் பிளாஸ்டிசீன் கொடுத்து அந்தப் பள்ளத்தில் அழுத்தி எடுக்கச் சொல். மட்டியின் முதுகு அப்படியே வரும், வருடா வருடம் வளர்ந்த கோடு உட்பட.

நீ இத்தனை வருடமாக வேலைக்கு நடந்து போன தெருவெல்லாம் கடல்தான், தெரியுமா? 1405ல் எரிந்துபோன ஊரை அந்தப் பச்சை கலந்த சாம்பல் மணற்கல்லில்தான் திரும்பக் கட்டினார்கள். சுமார் 2 கோடி வருடத்துக்கு முன் ஆல்ப்ஸுக்கு வடக்கே ஒடுங்கிய, ஆழமில்லாத கடல் ஒன்று கிடந்தது. மலை எழும்ப எழும்ப ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. பச்சை நிறம் குளோக்கோனைட் என்கிற கனிமத்தால் வருவது. அது கடலடியில் உண்டாகும் சாமான். உங்கள் நாட்டு ஆர்காவ் மாநிலத்தில் மேகன்வில் என்ற ஊரில் வெட்டுகிற கல்லில் சிப்பி நொறுங்கல் மண்டிக் கிடக்குமாம். உன் தொட்டிக்கல் அங்கிருந்து வந்ததோ என்னவோ.

வேடிக்கை என்னவென்றால், நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும் அதே காலகட்டத்தில், மயோசீன் என்பார்கள், இங்கே கிடந்த கடலில் படிந்ததுதான். சின்ன வயதில் அம்மாவின் ஊரில் கிணறு வெட்டினபோது மேலே வந்த கல்லில் ஊரி அச்சு பார்த்து, யாரோ செதுக்கிப் புதைத்தது என்று நான் சாதித்தேன். நீயும் நம்பினாய். இங்கே திருகோணமலையில் தேடினால் ஒன்றும் அகப்படாது. துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் குவார்ட்சைட் மலைகளும் ஒரு காலத்தில் மணல்தான், ஆனால் ஓடுள்ள உயிர்கள் தோன்றுவதற்கு முந்திய மணல். பிறகு பூமிக்கடியில் வெந்து, நசுங்கி, மணி மணியாகப் பிணைந்துவிட்டது.

எனக்கு ஆகவே உயிரோடிருக்கிற மட்டிதான் கதி. மாரி முடிந்து கடல் அடங்கிவிட்டது, காலையில் டச்பே கரையில் நடக்கிறேன். முழங்கால் ஒரு பக்கம் இழுக்கிறது, பரவாயில்லை. நாம் நூலில் கோத்து விற்ற துளைபோட்ட மட்டிகள் நினைவிருக்கிறதா? மீன்காரர் ஊசியால் குத்தியது என்பாய் நீ, கடல் நமக்காகத் துளைத்தது என்பேன் நான். இரண்டு பேரும் முட்டாள்கள். மணலுக்குள் புதைந்து திரிகிற ஒரு வகை நத்தை மட்டியைக் காலால் கட்டிப்பிடித்து, ஓட்டில் அமிலத்தைக் கசியவிட்டு, அரம் போன்ற நாக்கால் அராவித் துளைத்து உள்ளிருப்பதைத் தின்னும். அதனால்தான் துளை வெளியே அகன்று உள்ளே ஒடுங்கியிருக்கும், ஆணித்தலை பதிக்கக் கடைந்த மாதிரி. கல்லாகிப்போன மட்டிகளிலும் அதே துளை உண்டு. அச்சுக்கல்லில் அது சின்ன மணல் முளையாக நிற்கும்.

நேற்று இவள் மட்டி அவித்தாள். சட்டி கொதித்ததும் எல்லாம் வாய் பிளந்தன. இரண்டு ஓட்டையும் இழுத்து மூடுவது தசை, திறக்கப் பார்ப்பது முதுகிலுள்ள வில் போன்ற நார். செத்தால் நார் வெல்லும். கல்லில் இரண்டும் சேர்ந்தே மூடிக் கிடந்தால், அந்த மட்டி வாய் திறக்குமுன் மணல் வந்து அமுக்கிவிட்டது என்று பிடித்துக்கொள்ளலாம்.

சரி, இனி உனக்கொரு வேலை. நேற்றுக் காலை கரையில் ஒற்றை ஓடுகளாக ஐம்பது எண்ணினேன். நாற்பத்தொன்று கவிழ்த்த கோப்பை போலக் குப்புறக் கிடந்தன. நிமிர்ந்து கிடந்தால் அலை புரட்டிவிடும், கவிழ்ந்தால் தண்ணீர் மேலால் வழுக்கிப் போய்விடும். அந்தக் காலத்துக் கடலிலும் அலை இப்படித்தான் அடித்திருக்கும். ஆகவே அடுத்த முறை போகும்போது, கல்லின் பக்கவாட்டைக் குனிந்து பார். ஓடுகள் அநேகமாக வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தால், மேசன் கல்லைத் தலைகீழாக வைத்துக் கட்டிவிட்டான் என்று அர்த்தம். ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு, அளவு தெரியவேண்டும்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
பழைய வகுப்புக் கூட்டாளி