கலைக்காதீர்கள்: சென்னையின் எஃப்.சி. உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சென்னையின் எஃப்.சி. உரிமையாளர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்தின் 2024-25 சீசனில் 13 அணிகளில் 11ஆவதாக வந்தோம். அடுத்து கோச் ஓவன் கோய்ல் விடைபெற்றார், அதுவும் இரண்டாவது முறையாக. அவர் இடத்துக்கு கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார். கூடவே 'நன்றி, வாழ்த்துகள்' பதிவுகளும் வரிசையாக வந்தன. எங்களுக்கு இது பழகிவிட்டது. பழகிவிட்டதே என்ற எரிச்சலில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கோச், அணிக்கு முதுகெலும்பாக ஆறேழு வீரர்கள். இவர்களை மூன்று சீசனுக்குக் கலைக்காமல் வைத்திருங்கள். அதைச் செய்யப் போகிறீர்களா இல்லையா என்று சீசன் தொடங்கும் முன் எங்களிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

பணக் கஷ்டம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஐ.எஸ்.எல். கிளப் நடத்திப் பணக்காரர் ஆனவர் யாரும் இல்லை. அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்த நிலையில், லீக் நடக்குமா நடக்காதா என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழப்பத்துக்கு நீங்கள் காரணம் இல்லை. அதை உங்கள் கணக்கில் எழுதவும் மாட்டேன். நான் பேசுவது அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி. லீக் ஒழுங்காக நடந்தது, ஊதிய உச்சவரம்பு எல்லா அணிக்கும் ஒன்றாகவே இருந்தது, ஆனாலும் நம் அணி மட்டும் கையில் இருந்ததை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தது.

2020 பிப்ரவரி 29. அரையிறுதியின் முதல் ஆட்டம், நேரு ஸ்டேடியம், எதிரே எஃப்.சி. கோவா. லீக் பட்டியலில் முதலிடம் பிடித்து வந்த அணி அது. நாமோ சீசனின் தொடக்கத்தில் ஜெயிக்கவே வழியில்லாமல், கோச் ஜான் கிரகரி விலகி, கோய்ல் வந்த பிறகு அடித்துப் பிடித்து நான்காம் இடத்துக்கு ஏறியவர்கள். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் நான்கு. லூசியன் கோயான் ஒன்று, அனிருத் தாபா ஒன்று, எலி சாபியா ஒன்று, நான்காவது லாலியன்சுவாலா சாங்தே. கோவா ஒன்றைத் திருப்பியது. 4-1. அங்கே போய் 2-4 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிக்குப் போனோம். இறுதி ஆட்டம் மார்ச் 14 அன்று கோவாவில், கொரோனாவால் ரசிகர்களே இல்லாத மைதானத்தில். ஏ.டி.கே.வுக்கு எதிராக 1-3. தோல்விதான். ஆனால் அந்த அணியைப் பார்த்த எவரும் 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்றுதான் சொன்னார்கள். 24 வயதைக்கூடத் தொடாத தாபாவும் சாங்தேவும், 15 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிஸ், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தி யோசிக்கத் தெரிந்த கிரிவெல்லாரோ. வேறென்ன வேண்டும்?

அடுத்த வருஷம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸ் அவர் பின்னாலேயே போனார். 2020 நவம்பரில் நம் முதல் ஆட்டமே அவர்களோடுதான். முதல் நிமிடத்திலேயே தாபா கோல் போட்டார், நாம் 2-1 என்று ஜெயித்தோம். அவர்கள் தரப்பில் அந்த ஒரு கோலை அடித்தவர் வால்ஸ்கிஸ். ஜெயித்த ஆட்டத்தில் வயிறு எரிந்தது எனக்கு அன்றுதான். அடுத்த ஆண்டு சாபியாவும் ஜாம்ஷெட்பூர். அந்த 2021-22 சீசனில் கோய்லின் ஜாம்ஷெட்பூர், லீக் பட்டியலில் முதலிடத்துக்கான லீக் ஷீல்டை வென்றது.

அதே சீசனின் நடுவில், 2022 ஜனவரியில், சாங்தேவை மும்பை சிட்டிக்கு லோனில் அனுப்பினீர்கள். அந்த இரண்டு சீசனும் எல்லா ஆட்டமும் கோவாவில், பூட்டிய மைதானங்களில் நடந்தன. அதாவது 2020 பிப்ரவரி 29க்குப் பிறகு சென்னை மைதானத்தில் ரசிகர் எவரும் சாங்தேவை நம் நீலச் சட்டையில் நேரில் பார்க்கவில்லை. மறுபடி ஸ்டேடியக் கதவு திறந்தபோது அவர் மும்பை ஆள். 2022-23இல் மும்பை லீக் ஷீல்டை வென்றது, கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த வீரர் விருது சாங்தேவுக்குப் போனது. 2024இல் ஐ.எஸ்.எல். கோப்பையும் வென்றார். நம்மிடம் இருந்தபோது ஃபார்மில் இல்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், சில ஆட்டங்களில் கண்ணால் பார்க்க முடியவில்லை. ஆனால் சுமாராக ஆடும் இருபத்து நான்கு வயதுப் பையனை நல்ல ஆட்டக்காரனாக்குவதற்குத்தானே கோச் என்று ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்?

2023இல் தாபா. 2016இல் பதினெட்டு வயதில் வந்து, இங்கேயே வளர்ந்து, கேப்டன் ஆனவர். மோகன் பகானுக்குப் போனார். நல்ல தொகைக்குத்தான் போனார் என்று எழுதினார்கள். இருக்கட்டும், விற்பது பாவம் இல்லை. உலகத்தில் எத்தனையோ சின்ன கிளப்புகள் ஒருவரை விற்று மூன்று பேரை வாங்கித்தான் பிழைக்கின்றன. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பணம் எந்த வீரராக அணிக்குள் திரும்பி வந்தது? பெயர் சொல்லுங்கள். 2024இல் ரஹீம் அலி போனார், ஆகாஷ் சங்வான் போனார். அதற்கும் இதே கேள்விதான்.

போனவர்களைத் திரும்பக் கூப்பிடும் பழக்கம் வேறு. வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் திரும்பி வந்தார், பழைய வேகம் இல்லை. 2023இல் கோய்ல் வந்தார், கிரிவெல்லாரோவும் வந்தார். ஆடி மாதம் நகையை அடகு வைத்துத் தை மாதம் மீட்கும் குடும்பம் மாதிரி இருக்கிறது நம் கிளப். வட்டி கட்டுவது மட்டும் எப்போதும் ரசிகன்.

இந்திய வீரர்களை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், கணக்கு மாறிவிட்டது. 2014இல் ஆறு வெளிநாட்டவர் களத்தில் இருக்கலாம். எலானோவும் மெண்டோசாவும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் ஓடினால் போதும். 2017இல் அது ஐந்தானது, 2021-22இல் நான்கானது. இன்று களத்தில் ஏழு பேர் இந்தியர்கள். வெளிநாட்டவரை ஒரு வருட ஒப்பந்தத்தில் மாற்றி மாற்றிக் கொண்டுவரலாம், கிடைப்பார்கள். தேசிய அணித் தரத்தில் ஆடும் ஓர் இந்திய நடுக்கள வீரர் சந்தையில் எத்தனை பேர்? அவர்களைப் பிடித்த கிளப்புகள்தான் வரிசையாக ஷீல்டு வாங்குகின்றன. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு வீரர் வேறு கிளப்போடு கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம், அப்படிப் போனால் நமக்குக் காலணா கிடையாது. ஒன்றரை வருடம் மீதி இருக்கும்போதே உட்கார்ந்து பேசிப் புதுப்பிக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியாத வித்தை என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் கோபமே வருகிறது.

கோச் விஷயம். 2020-21இல் சாபா லாஸ்லோ, எட்டாம் இடம். 2021-22இல் பாண்டோவிச் வந்து பாதியில் அனுப்பப்பட்டார், சையத் சபீர் பாஷா மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார், எட்டாம் இடம். 2022-23இல் தாமஸ் பிர்தாரிச், எட்டாம் இடம். நிலைத்தன்மை வேண்டும் என்று கேட்டோம். பட்டியலில் அதை மட்டும் குறைவில்லாமல் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஒருவர் பந்தைக் காலில் வைத்து ஆடச் சொல்கிறார், அடுத்தவர் பின்னால் அடைத்து நிற்கச் சொல்கிறார், அதற்கடுத்தவர் நெருக்கி ஓடச் சொல்கிறார். ஒருவருக்காக வாங்கிய ஆள் அடுத்தவருக்குப் பிடிக்கவில்லை. இப்படித்தான் வீரர்கள் வீணாகிறார்கள், பட்ஜெட்டும் வீணாகிறது. குறைந்த பட்ஜெட் உள்ள அணிக்குத்தான் ஒரே கோச் இன்னும் அவசியம். தவறான ஆளை வாங்கிவிட்டுத் தள்ளிவிட நம்மிடம் காசு ஏது?

2018-19இல் கோச்சை மாற்றாமல் வைத்துத்தானே கடைசி இடம் வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018 இறுதி ஆட்டத்தில், பெங்களூரு கண்டீரவாவில், மைல்சன் இரண்டு தலையடி கோல் போட்டு, ரஃபேல் அகுஸ்தோ ஒன்று போட்டு, 3-2 என்று கோப்பை தூக்கிய அதே கிரகரி, அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி. ஆனால் அந்த அணியும் அப்படியே இருக்கவில்லை. கேப்டன் செரெனோ இல்லை. வியாசர்பாடி தனபால் கணேஷ் காயத்தில் வெளியே. அவர்கள் இடத்துக்கு இணையான ஆட்கள் வரவும் இல்லை. கோச்சை வைத்துக்கொண்டு முதுகெலும்பை விட்டது 2018. இரண்டையும் விட்டது 2020. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதை மட்டும் நாம் ஒருமுறைகூட முயன்று பார்க்கவில்லை.

இதை எப்படிச் செய்வது என்று கேட்க நீங்கள் ஸ்பெயினுக்கோ இங்கிலாந்துக்கோ போக வேண்டாம். உங்கள் உரிமையாளர்களில் ஒருவர் தோனி. அவர் ஆடிய இன்னொரு சென்னை அணிக்கு 2009இல் ஃபிளெமிங் கோச்சாக வந்தார். தடையில் இருந்த இரண்டு வருடம் போக, இன்றுவரை அவர்தான். நடுவில் ஏழாம் இடம், பத்தாம் இடம் எல்லாம் பார்த்தார்கள். யாரும் பெட்டியைக் கட்டச் சொல்லவில்லை. ஐந்து கோப்பை. சேப்பாக்கத்தில் தெரிந்த பாடம் பெரியமேட்டுக்கு வர இவ்வளவு வருடமா? நடந்தே வந்திருக்கலாம்.

ஊர்ப் பிள்ளைகள் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2023 டியூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது, இந்த ஒரே ஊர் அணிகளின் மோதலில் வருடக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்த பிறகு. அந்த ஒரே கோலை அடித்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். கொல்கத்தா அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கன்னியாகுமரி இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி என்ற இன்னொரு கிளப்பில் ஆடிக் காட்டிவிட்டு ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் போனார். அந்தச் சென்னை சிட்டி 2018-19இல், ஐ.எஸ்.எல். போக இருந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீகையே வென்றது. அதிலிருந்து எட்வின் வன்ஸ்பாலை நீங்கள் எடுத்தீர்கள், நல்ல காரியம். அது ஏன் விதிவிலக்காகவே நிற்கிறது? 2024-25 வரை ஐ.எஸ்.எல்.லில் இறக்கம், அதாவது கடைசியில் வந்த அணியைக் கீழ் லீக்குக்கு அனுப்புவது, நடந்ததே இல்லை. 11ஆவது வந்தாலும் அடுத்த வருடம் அதே லீக், அதே இருக்கை. இறக்கம் இருந்திருந்தால் அந்தப் பயத்திலாவது வடசென்னைக்கு ஒரு ஸ்கவுட் போயிருப்பார் என்று சில சமயம் தோன்றும். பயமில்லாத இடத்தில் பொறுப்பு எங்கிருந்து வரும்?

சரி, கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. மரியாதையாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், கேட்டுவிடுகிறேன்.

பெரிய பெயர் வேண்டாம். இன்னொரு மாத்தராஸி வேண்டாம், இன்னொரு எலானோ வேண்டாம். இந்த சீசனில் கோப்பை வேண்டும் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. 2015இல் ஒன்று, 2018இல் ஒன்று தந்திருக்கிறீர்கள், மறக்கவில்லை. இந்த லீக்கில் இரண்டு கோப்பை பலருக்கு இன்னும் கனவு. கையில் காசு குறைவு என்றால் குறைவு என்றே சொல்லுங்கள். 'இந்த வருடம் இளைஞர்களை வைத்து ஆடப் போகிறோம், கீழேதான் இருப்போம், இவர்கள் ஆறு பேரை 2028 வரை விடமாட்டோம்' என்று சொன்னால், எட்டாம் இடத்தில் இருந்தாலும் வந்து கத்துவோம். நம் ரசிகர் குழுக்களான சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் அணி கீழே இருந்த சீசன்களிலும் மேளத்தோடு வந்தவர்கள்தான். என்ன நடக்கிறது என்றே தெரியாமல், கொல்கத்தா நிருபர் ஒருவரின் பதிவைப் பார்த்து நம் கேப்டன் போகிறார் என்று தெரிந்துகொள்வதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே, தயவுசெய்து: ஒரு கோச், ஆறேழு வீரர்கள், மூன்று சீசன். யார் அவர்கள், ஒப்பந்தம் எதுவரை, வீரர்களை வாங்குவதையும் விற்பதையும் கிளப்பில் முடிவு செய்பவர் யார், விற்றால் அந்தப் பணம் எங்கே போகும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதி, சீசன் டிக்கெட் விற்பனைக்கு முன் வெளியிடுங்கள். முடிந்தால் ரசிகர் குழுக்களை ஒரு மாலை நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள். டீ செலவு எங்களுடையது.

பதில் தமிழில் வந்தால் மகிழ்ச்சி. ஆங்கிலத்தில் வந்தாலும் படித்துக்கொள்வோம், பதில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
2014 முதல் நீலச் சட்டை போடும் ஒரு ரசிகன்,
சென்னை